குப்பைக் கட்டணம் குப்பையின் அளவுக்கே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் குப்பைக்குக் கட்டணம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் ஊரில் அது 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற இரண்டு குரல்களோடு முடிந்துவிடுகிறது. எதை வைத்து அந்தக் கட்டணத்தைக் கணக்கிடுவது என்ற கேள்விக்கு யாரும் வந்து சேர்வதில்லை. வீடுகளுக்கு மாதம் 10 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம் விதித்து, அதைச் சொத்து வரியோடு சேர்த்து 2021 ஜனவரி முதல் வசூலிக்கப் போவதாகச் சென்னை மாநகராட்சி அறிவித்தது; எதிர்ப்பு கிளம்பியதும் அந்த அறிவிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால், குப்பையை உண்டாக்குபவர் உள்ளாட்சி அமைப்பு நிர்ணயிக்கும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்று மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்ட பிறகு, இந்த யோசனை இன்றில்லாவிட்டால் நாளை திரும்பி வரத்தான் போகிறது. அப்படி வரும்போது, அது வீட்டின் பரப்பளவையோ சொத்து வரியையோ பிடித்துக்கொண்டு வராமல், ஒரு குடும்பம் தரம் பிரிக்காமல் வெளியே போடும் குப்பையின் அளவை ஒட்டி வர வேண்டும் என்பதை, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கு அருகே குடியிருப்பவன் என்ற முறையில் வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

பெங்களூருவில் 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த முறையைப் பார்ப்போம். 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு மாதம் 10 ரூபாய், 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 400 ரூபாய், இடையில் சில படிகள் என்று வகுத்து, சொத்து வரியோடு சேர்த்து அதை வசூலிக்கிறார்கள். வசூலிப்பவர்களுக்கு இது எளிது. பதிவேடு ஏற்கெனவே கையில் இருக்கிறது, புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கணக்கில் குப்பை என்ற ஒன்றே இடம்பெறவில்லை. 1,500 சதுர அடி வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தம்பதியர் காய்கறித் தோலை மாடித் தோட்டத்தில் உரமாக்கிவிட்டு, வாரத்துக்கு ஒரு கைப்பிடிக் குப்பையை மட்டும் வெளியே வைத்தாலும் 100 ரூபாய்தான் கட்ட வேண்டும். அதே பரப்புள்ள பக்கத்து வீட்டில் நாள்தோறும் உணவுப் பொட்டலங்களும் அட்டைப் பெட்டிகளும் தெர்மோகோலும் மலைபோல் குவிந்தாலும் 100 ரூபாய்தான் கட்ட வேண்டும். முன்னவருக்குத் தன் முயற்சியால் ஒரு காசுகூட மிச்சமில்லை. பின்னவருக்குத் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. பணத்தைக் கட்டியாகிவிட்டது, இனி எதை எப்படிப் போட்டாலும் அள்ளிக்கொண்டு போவது மாநகராட்சியின் கடமை என்ற எண்ணம்கூட வலுக்கலாம். வருவாய்க்காக மட்டும் என்றால் அதை வரி என்றே அழைத்துவிடலாம். குப்பை குறைய வேண்டும் என்பது நோக்கமானால், குப்பையோடு தொடர்பில்லாத ஓர் அளவுகோல் அதற்கு உதவாது.

இந்த வேறுபாட்டை ஏட்டளவில் மட்டுமல்லாமல் நடைமுறையிலும் சந்தித்துக் கடந்து வந்த நாடு தென்கொரியா. 1995-க்கு முன்பு அங்கும் குப்பைக் கட்டணம் சொத்து வரியையும் கட்டடத்தின் பரப்பையும் வைத்தே கணக்கிடப்பட்டது. 1995 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் அந்த முறையைக் கைவிட்டு, குப்பையைப் போடுவதற்கென்று உள்ளாட்சி அமைப்புகள் விற்கும் பைகளிலேயே கட்டணத்தை அடக்கிவிட்டார்கள். பையை மளிகைக் கடையில் வாங்கலாம். பெரிய பைக்குக் கூடுதல் விலை, சிறிய பைக்குக் குறைந்த விலை. தனியாகப் பிரித்து வைத்த காகிதம், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் ஆகியவற்றுக்குக் கட்டணமே கிடையாது. முந்தைய ஆண்டில் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.3 கிலோவாக இருந்த நகர்ப்புறக் குப்பை, சில ஆண்டுகளுக்குள் ஒரு கிலோவை ஒட்டி இறங்கியது. அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 2005-இல் உணவுக் கழிவை நேரடியாகக் குப்பைக் கிடங்கில் புதைப்பதற்குத் தடை விதித்தார்கள். 2013-இல் உணவுக் கழிவுக்கும் அளவை ஒட்டிய கட்டணம் நாடெங்கும் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், குடும்பத்தின் அட்டையைக் காட்டினால் மூடி திறந்து, போட்ட கழிவை எடை போட்டு, அந்த வீட்டுக் கணக்கில் ஏற்றிவிடும் தொட்டிகள் நிற்கின்றன.

தென்கொரியாவை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. சியோல் நகரின் குப்பை 1978-லிருந்து 1993 வரை ஹான் ஆற்றங்கரையிலுள்ள நான்ஜிதோ என்ற இடத்தில் கொட்டப்பட்டது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அங்கே தொண்ணூறு மீட்டருக்கும் அதிக உயரத்தில் இரண்டு குப்பை மலைகள் எழுந்தன; நாற்றமும் புகையும் தீயும் அங்கே வாழ்ந்த ஏழைகளின் பங்காயின. இன்று அந்த மலைகள் மண்ணால் மூடப்பட்டுப் பூங்காவாக இருக்கின்றன. பூங்கா அமைத்ததை நம் அதிகாரிகள் விரும்பிப் பேசுவார்கள். ஆனால் மலையை மூடிய கையோடு, அடுத்த மலை எழாமலிருக்க வீட்டு வாசலிலேயே குப்பையைக் குறைக்கும் ஏற்பாட்டையும் அவர்கள் செய்தார்கள் என்பதை நாம் பேசுவதில்லை. சென்னையில் நாள்தோறும் ஐயாயிரம் டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. நகரின் வடபகுதிக் குப்பை கொடுங்கையூருக்கும், தென்பகுதிக் குப்பை பெருங்குடிக்கும் போகிறது. 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி இருக்கும் பெருங்குடிக் கிடங்கில் அதே ஆண்டு ஏப்ரலில் மூண்ட தீயும், அதன் புகை குடியிருப்புகளுக்குள் புகுந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பல்லாண்டுக் காலமாகச் சேர்ந்த பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் பணிக்கு இரண்டு இடங்களிலும் பல நூறு கோடி ரூபாய் செலவாகிறது. அந்தப் பணி தேவையானதுதான்; ஆனால் ஒரு பக்கம் பழையதைத் தோண்டிக்கொண்டு, மறுபக்கம் ஈரமும் உலர்ந்ததும் கலந்த புதிய குப்பையைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தால், கொடுங்கையூரிலும் எழில் நகரிலும் வாழும் எங்களுக்கு விடிவு எப்போது?

மக்கள் பணத்துக்காகவெல்லாம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதற்குப் பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. நீலகிரியின் காடுகளில் வீசப்படும் மதுப் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் முதல் அந்த மாவட்ட டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. பாட்டில்களில் மிகப் பெரும் பகுதி கடைக்கே திரும்பியது. பின்னர் இந்த முறை பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. விழிப்புணர்வுப் பலகைகள் பல ஆண்டுகளாகச் சாதிக்காததைப் பத்து ரூபாய் சாதித்தது. அதே சமயம், காலிப் பாட்டில்களை வாங்கி அடுக்கும் வேலை முழுவதும் கடை ஊழியர்கள் தலையில் விழுந்ததும், இடமும் ஆளும் போதவில்லை என்று அவர்கள் போராடியதும் உண்மை. இந்த இரண்டாவது பாடத்துக்குக் கீழே மீண்டும் வருகிறேன்.

அளவை ஒட்டிய கட்டணத்துக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் மிகவும் வலுவானது, காசை மிச்சப்படுத்த மக்கள் இரவோடு இரவாகக் குப்பையைத் தெருமுனையிலும் கால்வாயிலும் கொட்டிவிடுவார்கள் என்பது. இந்த அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள சார்லட்ஸ்வில் என்ற ஊரில், ஒவ்வொரு குப்பைப் பைக்கும் 80 சென்ட் விலையுள்ள ஒட்டுவில்லை கட்டாயமாக்கப்பட்டபோது, பொருளியலாளர்கள் இருவர் 75 குடும்பங்களின் குப்பையை அதற்கு முன்பும் பின்பும் எடை போட்டுப் பார்த்தார்கள். பைகளின் கொள்ளளவு 37 விழுக்காடு குறைந்தது. ஆனால் எடை 14 விழுக்காடுதான் குறைந்தது, ஏனென்றால் மக்கள் அதே குப்பையை அழுத்தித் திணிக்கக் கற்றுக்கொண்டார்கள். குறைந்த எடையிலும் கால்வாசிக்குச் சற்று மேற்பட்ட பகுதி கள்ளத்தனமாக வேறெங்கோ போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள். மறுசுழற்சிக்குப் போன பொருள்களின் எடை 16 விழுக்காடு கூடியது. ஆக, முறை வேலை செய்கிறது. ஆனால் கட்டணத்தை மட்டும் விதித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் பயனில் ஒரு பகுதி கசிந்துவிடும். கேப்டன் காட்டன் கால்வாயும் ஓட்டேரி நல்லாவும் பக்கிங்காம் கால்வாயும் ஏற்கெனவே படும் பாட்டைப் பார்க்கும் எவரும் இந்த எச்சரிக்கையை மறக்கக் கூடாது.

தைபே நகரம் இதற்கு ஒரு வழி கண்டது. 2000 ஜூலையில் பைக்குக் கட்டணம் கொண்டுவருவதற்கு முன்பே, குப்பை தரையைத் தொடக்கூடாது என்ற கொள்கையோடு தெருத் தொட்டிகளை அங்கே எடுத்துவிட்டார்கள். குறித்த நேரத்தில் இசை ஒலித்தபடி வண்டி தெருவுக்கு வரும். மக்கள் கையில் பையோடு இறங்கி வந்து தாங்களே போட வேண்டும். பின்னாலேயே வரும் இன்னொரு வண்டியில் மறுசுழற்சிப் பொருள்களையும் உணவுக் கழிவையும் கட்டணமின்றிக் கொடுக்கலாம். அக்கம்பக்கத்தார் பார்வையில் குப்பையைக் கொடுக்கும்போது ஏமாற்றுவது கடினம். நம் நகரிலும் பேட்டரி வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. அது வரும் நேரத்தை உறுதிப்படுத்தினால், தெருமுனைத் தொட்டிகளைப் படிப்படியாகக் குறைத்துவிடலாம். நேரத்தை உறுதிப்படுத்தாமல் தொட்டியை மட்டும் எடுத்த தெருக்களில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவருகிறேன். தொட்டி இருந்த அதே இடத்தில் குப்பை தரையில் கிடக்கிறது. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் குடும்பங்களுக்கு மாலையில் ஒரு வண்டி வராவிட்டால், அவர்கள் மீது குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இனி ஏழைகளைப் பற்றி. இந்தக் கட்டணம் ஏழைகளை வதைக்கும் என்ற அக்கறையோடு எதிர்ப்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் உண்மை நிலை அவர்கள் நினைப்பதற்கு நேர்மாறானது என்றே கருதுகிறேன். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ஒற்றை அறையில் வாழும் குடும்பங்கள் பாட்டிலையும் செய்தித்தாளையும் இரும்பையும் பழைய பேப்பர் கடைக்கும் காயலான் கடைக்கும் போட்டுவிடுகின்றன. மிச்சம் சோறும் பெரும்பாலும் வீணாவதில்லை. நகரின் குப்பையில் அவர்கள் பங்கு மிகக் குறைவு. அந்தக் குப்பை போய்ச் சேரும் இடத்தில் வாழ்வதோ அவர்களே. வசதியான பகுதிகள் அதிகமாகப் போட்டுவிட்டுக் குறைவாகப் பாதிக்கப்படுவதும், வடசென்னை குறைவாகப் போட்டுவிட்டு முழு நாற்றத்தையும் சுமப்பதும் இன்று இலவசமாகவே நடந்துகொண்டிருக்கிறது. அளவை ஒட்டிய கட்டணம் இந்த அநீதியை ஓரளவாவது திருத்தும்.

அதற்கான வழியும் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதற்கு மேல் பயன்படுத்தப் பயன்படுத்த யூனிட்டின் விலை படிப்படியாக உயர்கிறது. எந்த வீட்டிலும் இந்தக் கணக்கு புரியாதவர் இல்லை. குப்பைக்கும் இதையே செய்யலாம். குடும்ப அட்டைக்கு மாதம் இத்தனை என்று ஒட்டுவில்லைகளை நியாயவிலைக் கடையில் இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் வேண்டுவோர் ஆவின் பாலகத்திலோ மளிகைக் கடையிலோ விலைக்கு வாங்கிக்கொள்ளச் செய்யலாம். புதிதாகப் பிளாஸ்டிக் பை அச்சிட வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கும் காலி அரிசிப் பையில் ஒட்டுவில்லையை ஒட்டிக் கொடுத்தால் போதும். ஒட்டுவில்லை தேவைப்படுவது கலந்த குப்பைக்கு மட்டும்தான். தனியாகப் பிரித்துக் கொடுக்கும் மக்கும் குப்பைக்கும் மறுசுழற்சிப் பொருளுக்கும் ஒரு காசும் வாங்கக் கூடாது. நம் குப்பையில் பாதிக்கும் மேல் ஈரக் கழிவு என்பதால், அதைப் பிரித்தாலே ஒரு சராசரிக் குடும்பம் இலவச அளவுக்குள் அடங்கிவிடும். கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் முதியவரோ உள்ள வீட்டில் டயபர் குப்பை தவிர்க்க முடியாதது. ஜப்பானின் பல ஊர்களில் அத்தகைய குடும்பங்களுக்குக் கூடுதல் பைகளை இலவசமாகவே தருகிறார்கள். நாமும் தர வேண்டும்.

எல்லா வீடுகளிலும் ஒரே நாளில் தொடங்குவது நடவாத காரியம். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களை 2016 விதிகள் பெருமளவுக் கழிவு உற்பத்தியாளர்கள் என்று தனியாக வகைப்படுத்தின. ஹோட்டல்கள், திருமண மண்டபங்கள், வணிக வளாகங்கள், பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றின் வாசலில் ஒரு தராசை வைத்து, கலந்த குப்பையைக் கிலோ கணக்கில் எடை போட்டுக் கட்டணம் வாங்குவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஒரு முகூர்த்த நாளில் ஒரே மண்டபத்திலிருந்து வெளியேறும் எச்சில் இலையும் தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு முழுத் தெருவின் குப்பையை விஞ்சும். அங்கே எடை போடாமல் குடிசையின் வாசலில் எடை போடத் தொடங்கினால், இந்தத் திட்டம் பிறந்த அன்றே மக்களின் நம்பிக்கையை இழந்துவிடும்.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க என் மனம் ஒப்பவில்லை. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில், தங்கள் மண்டலங்கள் தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்து அவர்கள் பல நாள் அமர்ந்திருந்ததை நகரம் பார்த்தது. கலந்த குப்பையைக் கையால் கிளறிப் பிரிப்பவர்கள் அவர்களே. உடைந்த கண்ணாடியும் ஊசியும் குத்துவது அவர்கள் விரல்களில்தான். ஒட்டுவில்லை இல்லாத பையை வாங்க மறுப்பது, வீட்டுக்காரரோடு வாக்குவாதம் செய்வது, அபராதம் எழுதுவது ஆகிய வேலைகளையும் அவர்கள் மீதே சுமத்தினால், டாஸ்மாக் ஊழியர்களுக்கு நேர்ந்தது இங்கே இன்னும் கடுமையாக நேரும். தெருவில் வசைகேட்பவர்கள் அவர்கள்தான். கட்டணத்தை முடிவு செய்தவர் மாளிகைக்குள் இருப்பார். கண்காணிக்கும் பொறுப்பு வார்டு அளவில் தனி அலுவலரிடம் இருக்க வேண்டும். கட்டணத்தில் வரும் பணத்தின் ஒரு பகுதி தூய்மைப் பணியாளர்களுடைய ஊதியத்துக்கும் கையுறை, காலணி, மருத்துவப் பரிசோதனைக்கும் என்று தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒப்பந்த நிறுவனத்துக்கு அள்ளிய டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் ஏற்பாடு எங்கு இருந்தாலும் அதையும் மாற்றியாக வேண்டும். குப்பை கூடினால் லாபம் கூடும் நிறுவனம் குப்பையைக் குறைக்க உதவப் போவதில்லை.

அயர்லாந்தில் 2016-இல் எடைக்குக் கட்டணம் என்ற திட்டம் வந்தபோது, குப்பை அள்ளும் தனியார் நிறுவனங்கள் சில நிலையான மாதக் கட்டணத்தையும் சேர்த்து உயர்த்தியதால், எடையைக் குறைத்தாலும் செலவு குறையாது என்று மக்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு பின்வாங்கி, கட்டணங்களை ஓராண்டுக்கு உயர்த்தாமல் அப்போதிருந்த அளவிலேயே வைத்திருக்கச் செய்தது. சென்னையிலும் ஒரு நிலையான கட்டணத்தை வைத்துக்கொண்டு அதன் மேல் எடைக்கட்டணத்தையும் ஏற்றினால் இதே முடிவுதான் வரும்.

ஆகவே மாநகராட்சி மாமன்றத்துக்கு என் வேண்டுகோள் இது: சதுர அடியை வைத்துக் கட்டணம் விதிக்கும் யோசனை மீண்டும் மேசைக்கு வந்தால் அதை ஏற்க வேண்டாம். முதலில் பெருமளவுக் கழிவு உற்பத்தியாளர்களிடம் எடைக்கட்டணத்தைத் தொடங்கி, அடுத்ததாக அடுக்குமாடிகள் நிறைந்த ஒரு மண்டலத்தில் இலவச அளவோடு கூடிய ஒட்டுவில்லை முறையை ஓராண்டு நடத்திப் பார்க்க வேண்டும். அந்த ஓராண்டில் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் வந்த லாரிகளின் எடையையும், கால்வாய்களிலிருந்து அள்ளிய குப்பையின் எடையையும், வசூலான பணம் எங்கே போனது என்பதையும் வார்டு வாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே மற்ற மண்டலங்களுக்கு விரிவாக்குவது பற்றி மாமன்றம் முடிவெடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கொடுங்கையூர், சென்னை.